வாயில் ஊ வந்தால் கையில் வீ

என் வலது கை விரல் முட்டிகளில் நான்கு தழும்புகள் உண்டு. யாராவது கேட்டால் மீன் அரிந்தபோது பட்டது என்று சொல்லிவிடுவேன். விளக்கமாகச் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். உண்மையில் அவை 'ஊ' என்ற எழுத்துக்காக வாங்கியவை.

எங்கள் குப்பத்துக்கு மூன்று பக்கமும் பழவேற்காட்டு ஏரித் தண்ணீர். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். ஆறாவது படிக்கப் படகில் அக்கரை போய், பஸ் பிடித்து, பொன்னேரிப் பக்கத்தில் ஒரு பெரிய ஊருக்குப் போக வேண்டும். அங்கே இருந்த அரசாங்க ஹைஸ்கூலில் இடம் கொஞ்சம், கேட்கிற பிள்ளைகள் நிறைய. அதனால் கோடை லீவில் ஒரு பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுப்பார்கள். அறுபதுகளின் நடுவில் நான் ஐந்தாவது முடித்த வருஷம் வரை எங்கள் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளையும் அந்தப் பரீட்சையில் தேறியதில்லை. பெண் பிள்ளை எழுதப் போனதே இல்லை.

எனக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டியிருந்தது. படிப்பு ஆசை மட்டும் காரணம் இல்லை. என் அக்காவைப் பதினாலு வயதில் வடக்கே ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் படகை விட்டு இறங்கினால் முதல் வேலையாக அவளை அடிப்பான். குழம்பில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் ஏன் சிரிக்கிறாய் என்று அடி. ஒருநாள் அறைந்த அறையில் அவளுடைய இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அந்தப் புருஷனுக்கு ஒரு தம்பி. வலைத் தகராறில் ஒரு ஆளின் மண்டையைத் துடுப்பால் பிளந்தவன். அவனுக்குத்தான் என்னைக் கேட்டார்கள். எனக்கு அப்போது பதினொன்று முடியவில்லை. இப்போது பேசி வைத்துக்கொள்வோம், வயசுக்கு வந்ததும் அழைத்துக்கொள்வோம் என்றார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனுஷன். அவர் குப்பத்துப் பஞ்சாயத்தில் போய்க் கைகட்டி நின்று ஒரு வாக்கு வாங்கிவந்தார். பெண் படித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் யாரும் அவளைக் கேட்டு வரக்கூடாது. படிப்பு நின்றால் அன்றைக்கே கேட்கலாம். ஐந்தாவது முடிந்துவிட்டது. ஆறாவதில் இடம் கிடைத்தால் நான் தப்பித்தேன். இல்லாவிட்டால் அக்கா வீட்டுக்கு இன்னொரு மருமகள்.

எங்கள் வாத்தியாருக்கு இந்தக் கதை முழுதும் தெரியும். அவர் நெல் விளைகிற ஊர்க்காரர். சைக்கிளில் கரை வரை வந்து, படகேறி, வேட்டி நனைய இறங்கி வருவார். தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையாவது தேற வேண்டும் என்று அவருக்கு வெறி. கணக்கில் என்னைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. என் வாய்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப நீ எங்க போற?" என்பார் சாயங்காலம் மணி அடித்ததும்.

"ஊட்டுக்கு சார்."

மர ஸ்கேலைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் விளிம்பால் முட்டியில் ஒன்று வைப்பார். "எங்க போற?"

"வீட்டுக்கு சார்."

"எழுது."

எழுதுவேன். அழுதுகொண்டே எழுதினால் எழுத்து நடுங்கும். அதற்கு இன்னொன்று விழும்.

"குப்பத்து வாயிடி உனக்கு. மொத்தமா கோணல். நீ பேசறத எழுதினா அங்க உன்னத் தொரத்திடுவான். இத்த மனசுல வெச்சிக்கோ. வாயில ஊ வந்தா கையில வீ வரணும். வாயில இன் வந்தா கையில என் வரணும். இன்னான்னு எழுதுவியா?"

"மாட்டேன் சார். என்னன்னு எழுதுவேன்."

நாற்பது நாள் இது நடந்தது. அவரும் ஒன்றும் புத்தகம் மாதிரி பேசுகிறவர் இல்லை. ஒரு காலையில் படகை விட்டு இறங்கும்போதே, "இன்னா வெயிலுடா, ஊட்ல நாஷ்டா கூட துன்னல" என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. வரிசையாக நிற்க வைத்து எல்லாரையும் அடித்தார். அன்றைக்கு என் முட்டியில் தோல் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்தவள் கையைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு, மீன் வெட்டுகிற கத்தியோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"யோவ் வாத்தியாரே! என் பொண்ணு கைய இன்னா கருவாடுன்னு நெனச்சியா? இந்த நசுக்கு நசுக்கி வெச்சிகிற?"

வாத்தியார் கத்தியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "உன் பொண்ணு ஆறாவது போவணுமா, வேணாமா?"

"போவணும்."

"அப்ப கையப் பாக்காத."

அம்மா கத்தியை இடுப்பில் செருகினாள். பிறகு திரும்பி என் கன்னத்தில் விட்டாள் ஒன்று. "ஒயுங்கா எழுதித் தொலைக்கக் கூடாதாடி? அடிச்சி அடிச்சி வாத்தியாருக்குக் கை நோவுது பாரு!"

பரீட்சை நாளில் நைனா என்னைக் கொண்டுபோய் விட்டார். அந்தப் பள்ளிக்கூட முற்றம் முழுக்கப் பிள்ளைகள். எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, கஞ்சி போட்ட சட்டை. கேட்டில் பிரம்போடு நின்ற ஆள் என்னைப் பார்த்து, "எந்த ஊரு? குப்பமா? பின்னால போய்க் குந்து" என்றான். பரீட்சை வைத்த வகுப்பில் பின்சுவர் ஓரமாகக் காலனிப் பிள்ளைகள் நாலு பேர் முன்பே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக நான். பெஞ்சுகள் எங்களுக்கு முன்னால் இருந்த பிள்ளைகளோடு முடிந்துவிட்டன.

எனக்கு நேர் முன்னால் இருந்த பையன் திரும்பி மூக்கைப் பிடித்துக்கொண்டான். நான் தலை நிமிரவில்லை. அவன் குனிந்து பேனா நிப்பை என் கால் கட்டைவிரலில் குத்தினான். இன்க்கும் ரத்தமும் சேர்ந்து வந்தது. "டேய், மீனுக்கு ரத்தம் நீலமா வருதுடா" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னான். எனக்குக் கத்தத் தெரியாது. காலை இழுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன்.

கணக்கு பத்தும் போட்டேன். பத்தும் சரி என்று எனக்கே தெரிந்தது. கடைசியாகச் சொல்வதெழுதுதல். ஒரு வாத்தியார் கணீரென்று வாசித்தார். "ஊருக்கு வெளியே ஊற்று ஒன்று இருந்தது."

ஊ என்று காதில் விழுந்ததும் என் முட்டியில் நான்கு இடத்திலும் வலி வந்தது. அடி விழுவதற்கு முன்னாலே வருகிற வலி அது. கை தானாக வீ போட்டது. 'வீருக்கு வெளியே வீற்று ஒன்று இருந்தது.' அடுத்து, "இன்று அதில் நீர் இல்லை" என்றார். நான், 'என்று அதில் நீர் இல்லை' என்று எழுதினேன். வீற்று என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லைதான். பெரிய பள்ளிக்கூடத்து வார்த்தை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒரு ஊ கூட விடவில்லை. எங்கள் வாத்தியார் சொன்னபடியே செய்தேன் என்று சந்தோஷமாக வெளியே வந்தேன்.

முடிவு சொல்கிற நாளில் என்னோடும் அம்மா, நைனாவோடும் எங்கள் குப்பத்து ஆண்கள் வேலைக்குப் போகாமல் மூன்று படகில் கிளம்பி வந்தார்கள். வந்ததற்குக் காரணம் ஒரு வார்த்தை. எங்கள் வாத்தியார் பல நாளாக, "சீட்டு கெடைக்கும், சீட்டு கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பள்ளிக்கூடத்து இடத்தை. எங்கள் குப்பத்தில் சீட்டு என்றால் வேறு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று பெயர். நல்ல பாடும் உண்டு, மோசமான பாடும் உண்டு. அதனால் பேர் எழுதின சீட்டுகளைப் பானையில் போட்டுக் குலுக்கி, எல்லார் கண் முன்னாலும் எடுப்பார்கள். பணக்காரன், ஏழை கிடையாது, வந்த பாட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஹைஸ்கூலிலும் அப்படித்தான் குலுக்கப்போகிறார்கள், நம் ஆட்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைத்து வந்திருந்தார்கள்.

குப்பத்துத் தலைவர் ஹெட்மாஸ்டரிடம் போய், "சீட்டு எப்ப சார் குலுக்குவீங்க? நாங்கல்லாம் வந்துட்டோம்" என்றார்.

"இன்னா குலுக்கறது? லிஸ்ட் செவுத்துல ஒட்டியாச்சி, பாருய்யா."

"நாங்க இல்லாமயே குலுக்கிட்டீங்களா?"

"படிப்புக்கு எவன்யா சீட்டு குலுக்குவான்?"

"தண்ணிக்கே குலுக்கறோம் சார். பெஞ்சுக்குக் குலுக்கக் கூடாதா?"

எங்களோடு வந்திருந்த வாத்தியார் சுவரண்டை போய் லிஸ்டை வாசித்தார். இரண்டாம் முறையும் மேலிருந்து வாசித்தார். என் பேர் இல்லை. பின்சுவரில் உட்கார்ந்திருந்த நாலு பேர் பேரும் இல்லை. மூன்று நான்கு நெல் ஊர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். ஒரே வீட்டில் இரண்டு பேர். பேனா நிப்பால் குத்தியவன் பேரும் இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

எங்கள் ஆட்கள் சத்தம் போட்டார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பே எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று ஒருவர் ஹெட்மாஸ்டர் சட்டைக்குக் கை நீட்டினார். ஹெட்மாஸ்டர் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனார். என் பேப்பரோடு வந்தார்.

"ஒரே கேள்வி. ஒரே நேரம். எல்லாருக்கும் ஒண்ணு. இதுல இன்னா அநியாயம்? கணக்கு போட்டுகிறா, நான் இல்லங்கல. தமிழப் பாரு!" பேப்பரை உயரத் தூக்கிப் படித்தார். "வீருக்கு வெளியே வீற்று ஒன்று இருந்தது. என்று அதில் நீர் இல்லை. வீமை ஒருவன் வந்தான்."

முற்றமே சிரித்தது. நெல் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அதையாவது தாங்கிக்கொண்டேன். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட ஊமை வீமையானது வேடிக்கையாக இருந்தது. நைனா வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

ஹெட்மாஸ்டர் சொன்னதில் பொய் இல்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். பேப்பரில் யாருடைய பேரையாவது பார்த்து மார்க்கு போட்டாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த நெல் ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் வீட்டில் ஊடு என்றும் இன்னா என்றும்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் வாய் மொத்தமும் கோணல் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு மட்டும் வீ போட்டுவிட்டு, ஊரை ஊராகவே விட்டார்கள். குப்பத்து வாய் என்றால் அதில் சரியாக வருகிற எழுத்தே இருக்காது என்று எங்கள் வாத்தியார் நம்பினார். அவர் அடித்ததில் நானும் நம்பிவிட்டேன்.

வாத்தியாருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நடுவில் வந்து நின்றார். "சார், சிரிக்காதீங்க. அவ தப்பு இல்ல. நான் அடிச்சி உள்ள எறக்கினது. ஊவன்னா வந்தா வீயன்னா போடுன்னு நான்தான் சொன்னேன். இன்னொரு தபா வெச்சிப் பாருங்க சார்."

"இன்னொரு தபா வெக்கறதுக்கு இது இன்னா உன் ஊட்டுப் பரீட்சையா?" என்றார் ஹெட்மாஸ்டர். அவர் வாயிலும் ஊடுதான் வந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அதுவரை என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். வாத்தியார் சொன்னதைக் கேட்டதும் பிடியை விட்டாள். கட்டிடம் கட்டக் குவித்திருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்தாள். "கையப் பாக்காதன்ன நீ!" என்று கத்திக்கொண்டே வாத்தியார் நெற்றியில் அடித்தாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் கண்ணை மூடியது.

"எங்க ஊரு வாத்தியார் மேல மீன்காரி கை வெச்சிட்டாடா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். வேலியிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு நெல் ஊர்க்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஆட்கள் கையில் ஒன்றும் இல்லை. வகுப்பில் புகுந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்து, உடைத்துக் காலை எடுத்துக்கொண்டார்கள். மண்டையில் கட்டை விழுகிற சத்தம் தேங்காய் உடைப்பது மாதிரி இருக்கும் என்பார்கள். அப்படி இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது மாதிரி இருந்தது. ஒரு ஆளின் பல் என் காலடியில் வந்து விழுந்தது. குப்பத்துத் தலைவரைத் தரையில் போட்டு நாலு பேர் மிதித்தார்கள். அம்மா தூக்கிய கையில் வேலிக் கம்பு விழுந்து முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து கை தொங்கியது. இரண்டாவது அடிக்கு அந்த ஆள் ஓங்கியபோது, கண் தெரியாமல் தவழ்ந்துவந்த வாத்தியார் அம்மா மேலே கவிழ்ந்துகொண்டார். "அடிக்காதீங்கடா, தப்பு என்னுது" என்றார். அந்த அடி அவர் முதுகில் விழுந்தது.

போலீஸ் வந்து கலைத்தது. உடைந்தது நாலு பெஞ்சு. பெஞ்சுக்கு ஐந்து பிள்ளை என்றால் இருபது பேர் உட்காருகிற இடம். படகில் திரும்பும்போது அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். வாத்தியாரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் எங்கள் குப்பத்துக்குத் திரும்ப வரவே இல்லை.

எட்டாம் நாள் அக்கா புருஷன் தன் தம்பியோடு வந்தான். பெண் கேட்க வரும்போது தட்டை ஒரு பொம்பளை கையில் கொடுத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் அக்காவைக் கூட்டிவந்திருந்தான். வெற்றிலை, பாக்கு, பூ வைத்த பித்தளைத் தட்டை ஏந்திக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். அம்மா மூங்கில் பட்டை வைத்துக் கட்டின கையோடு படுத்திருந்தாள். நான் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்றேன்.

"அவ அம்மாவுக்குக் கை சேரட்டும் மாப்ள, அப்பறம் பேசலாம்" என்றார் நைனா.

"இன்னும் இன்னா மாமா பேசறது? பொண்ணுக்கு சீட்டு இல்லன்னு மார்க்கெட்டே சிரிக்குது. படிப்பு நின்னா கேக்கலாம்னு பஞ்சாயத்து சொல்லிகிது. கேக்க வந்துட்டோம்."

அவன் தம்பி உள்ளே எட்டி என்னைப் பார்த்தான். "வீருக்கு வெளியே வீற்றாமே? நம்ப ஊட்ல வந்து எழுதட்டும். நான் திருத்தறேன்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தான்.

அக்கா அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். நல்ல காது அவன் பக்கம் இருந்ததால் எல்லாம் கேட்டிருக்கிறது. தட்டில் இருந்ததைக் கீழே கொட்டினாள். வெறும் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பால் அவன் மூஞ்சியில் அடித்தாள். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. அவன் மடங்கி விழுந்தபிறகும் இரண்டு தடவை அடித்தாள்.

அவள் புருஷன் அவள் மயிரைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். அவள் அவன் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு விடவில்லை. நைனா எழுந்து துடுப்பை எடுத்து மருமகன் முழங்காலில் போட்டார். வாழ்நாளில் அவர் ஒரு ஆளை அடித்தது அது ஒன்றுதான். அவன் சாய்ந்தான். நானும் ஏதாவது செய்தேன் என்று எழுத ஆசைதான். நான் பானையைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான்.

பஞ்சாயத்து கூடியது. அக்காவின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. புருஷன் காலில் விழுந்து, தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு போகிறாயா, அல்லது தாலியைக் கழற்றிக் கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

"இவ அங்க போவ மாட்டா. நானும் போவ மாட்டேன்" என்றாள். கேட்டவர்களே திரும்ப ஒருமுறை கேட்பதற்குள் தாலியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டாள்.

அவள் அதற்குப் பிறகு வேறு புருஷன் தேடவில்லை. நானும் ஆறாவது படிக்கவில்லை. அடுத்த வருஷம் பரீட்சைக்குப் போகலாம் என்று சொல்ல ஆள் இல்லை. போனால் அந்த கேட்டுக்குள் எங்களை விடவும் மாட்டார்கள். என்னைக் கேட்டு மட்டும் பல வருஷம் எங்கள் வீட்டுக்குத் தட்டு வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் மூக்கை உடைப்பார்கள் என்று ஏரி முழுக்கப் பேர் ஆகிவிட்டது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்து, நானும் அக்காவும் பஸ் ஏறிக் கூலி வேலைக்குப் போனது அதற்குப் பின்னால்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று அக்காவும் நானும் கரையில் இறால் உரிக்க உட்கார்ந்தோம். எனக்குப் பழக்கம் இல்லை. வேகமாக உரிக்கப் போய், தலைமுள் நகக்கண்ணில் ஏறிவிட்டது. கையை உதறினேன்.

"மெதுவா உரிடி" என்றாள் அக்கா. "இன்னா அவசரம்? மணி அடிச்சிடுவானா? ஸ்கூலுக்கா போவணும்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒரு கையால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிடி இறாலை அள்ளி அக்கா மூஞ்சியில் அடித்தேன். யாரையும் நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் துடைத்துக்கொண்டாள். ஓட்டோடு இரண்டு பிடி எடுத்துத் திருப்பி அடித்தாள்.